திருவல்லிக்கேணியில் ஒரு மாலை: நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய கல்லெழுத்து

கோடை விடுமுறையில் சென்னைக்கு வரும் நம் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. மெரினா கடற்கரை, வண்டலூர் உயிரியல் பூங்கா, குளிரூட்டிய வணிக வளாகம் ஒன்று, மண்ணடியிலோ புரசைவாக்கத்திலோ துணிமணி, பிறகு ஊர் திரும்பும் பேருந்து. திருவல்லிக்கேணி அதில் இடம்பெற்றால் அது பிரியாணிக்காகவோ, கோஷா ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருக்கும் உறவுக்காரப் பெண்ணைப் பார்ப்பதற்காகவோதான் இருக்கும். சென்னையிலேயே வாழும் குடும்பங்களும் இதில் விதிவிலக்கில்லை. ஜாம்பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டு, நெரிசலைச் சபித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடுகிறோம்.

அந்த ஊருக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள், பிள்ளைகளைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிச் செல்லுங்கள் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழம்பெருமை பேசிக் களிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் காதில் இன்று இரண்டு குரல்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து வருவது: நீ இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவன், பிறர் தயவில் இருப்பவன் என்கிறது. மற்றொன்று நமக்குள்ளிருந்தே வருவது: சுற்றியிருப்பவர் அனைவரும் நமக்கு எதிரிகள், நமக்கென்று ஒருவரும் இல்லை என்கிறது. இரண்டும் ஒரே கைப்பேசியில்தான் வந்து சேர்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றை மறுத்து ஓர் உரை நிகழ்த்தினால் அது காதில் ஏறாது. கண்ணால் பார்த்தது வேறு. திருவல்லிக்கேணியில் அப்படிப் பார்ப்பதற்குச் சில பொருள்கள் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது வாலாஜா பெரிய பள்ளிவாசல். ஆர்க்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டியது. இரும்போ மரமோ கலவாமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட கட்டடம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், இன்று காயிதே மில்லத் பெயரைத் தாங்கும் அந்தச் சாலையின் இரைச்சலுக்கு நடுவே, விரிந்த மைதானமும் இரண்டு மினாராக்களுமாக நிற்கிறது. வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்த முற்றத்தில் கால் வைத்தால், நகரத்தின் நெரிசலுக்கு நடுவில் இவ்வளவு வெற்றிடம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று வியப்பு வரும்.

பள்ளிவாசலின் உள்ளே கல்லில் பொறித்த பாரசீக ஆண்டுக்கவி ஒன்று உண்டு. கட்டடம் எழும்பிய ஆண்டைச் சொற்களுக்குள் ஒளித்து வைப்பது அக்காலப் புலவர்களின் கலை. அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அதை அப்ஜத் கணக்கு என்பர். நம் கடைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் 786 என்று எழுதும் வழக்கம் அதே கணக்கிலிருந்து வந்ததுதான். (அப்படி எழுதுவது சரியா தவறா என்னும் வாதத்தை இங்கே தொடங்க வேண்டாம், தொடங்கினால் மஃரிப் ஆகிவிடும்.) பெரிய பள்ளிவாசலின் ஆண்டு ஒளிந்திருக்கும் சொற்றொடர் 'திக்ருல்லாஹி அக்பர்'. அல்லாஹ்வை நினைவுகூர்தலே மிகப் பெரியது என்று பொருள். பிள்ளையின் கையில் தாளும் பென்சிலும் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். தால் 700, காஃப் 20, ரா 200: திக்ர் என்பதற்கு 920. அலிஃப் 1, லாம் 30, மறுபடியும் லாம் 30, ஹா 5: அல்லாஹ் என்பதற்கு 66. அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200: அக்பர் என்பதற்கு 223. மொத்தம் 1209. அதுதான் ஹிஜ்ரி ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1794-95. நவாப் முஹம்மது அலி 1795 அக்டோபரில் இறந்தார். ஆகவே இது அவருடைய வாழ்நாளின் அந்திமக் காலத்துப் பணி.

கணக்கு முடிந்து பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது எழுதியவர் யார் என்பதைச் சொல்லுங்கள். ராஜா மக்கன் லால். 'கிரத்' என்பது அவருடைய புனைபெயர். நவாபின் அரசாங்கத்தில் முன்ஷியாகப் பணிபுரிந்த இந்து. அல்லாஹ்வின் இல்லத்துக்கு ஆண்டுக்கவி வேண்டும் என்றபோது, பாரசீகத்தில் தேர்ந்தவர் என்பதால் அவரிடம் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார். குர்ஆனின் சொற்களையே எடுத்து, அவற்றின் எண் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, ஆண்டு சரியாக விழுகிறதா என்று சோதித்து, ஒரு வேலையைச் செம்மையாகச் செய்து முடிக்கிற கைவினைஞனின் கவனத்தோடு செய்திருக்கிறார். நல்லிணக்கம் என்ற சொல்லை அந்தச் சபையில் யாரேனும் உச்சரித்திருப்பார்களா என்பது ஐயம்தான். திறமை இருந்தது, நம்பிக்கை இருந்தது, வேலை நடந்தது. இருநூற்று முப்பது ஆண்டுகளாக அந்தக் கல்லின் முன்னால் தொழுகை நடந்துவருகிறது.

மேடைகளில் நாம் நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒருவித மன்றாட்டுத் தொனி வந்துவிடுகிறது. எங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுபோல. அந்தக் கல்லெழுத்தில் அந்தத் தொனி இல்லை. அதனால்தான் பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிச் செல்லச் சொல்கிறோம்.

பள்ளிவாசல் வளாகத்தில் இரண்டு அடக்கத்தலங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, லக்னோவின் பிரங்கி மஹல் அறிஞர் மரபில் வந்து, நவாபின் அழைப்பில் சென்னைக்கு வந்து கற்பித்து, 1810-ல் மறைந்த மவ்லானா அப்துல் அலீ அவர்களுடையது. அறிவுக் கடல் என்னும் பொருளில் 'பஹ்ருல் உலூம்' என்று அவரை அழைத்தார்கள். மற்றொன்று, 1972 ஏப்ரலில் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபுடையது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இந்த இரண்டாவது கப்றின் அருகே சற்று நின்று யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏனென்றால் நமக்குள்ளேயே ஒரு சுவர் இருக்கிறது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் சென்னைக்கு வருகிறவர்கள் இறங்கும் இடம் மண்ணடி. திருவல்லிக்கேணி என்றால் அது உருது பேசுவோரின் ஊர் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலரின் பழக்கம். அவர்கள் நம்மை ஒரு பெயரால் குறிப்பிடுவார்கள்; நாம் அவர்களை ஒரு பெயரால் குறிப்பிடுவோம்; இரண்டு பெயர்களிலும் மரியாதை சற்றுக் குறைவு. பெண் கொடுக்கும் பேச்சு வந்தால் இரு தரப்பும் தயங்கும். நோன்புக் கஞ்சியின் பக்குவத்திலிருந்து நிக்காஹ் வீட்டுச் சாப்பாடுவரை வேறுபாடுகளை எண்ணிச் சொல்ல இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும். இந்தச் சுவரைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. பிற சமயத்தாரோடு நல்லுறவு பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதுகிற நம் சமுதாயத்தில், தக்னி உருது பேசும் அடுத்த தெரு முஸ்லிமோடு நல்லுறவு பற்றி ஒன்றுகூட வருவதில்லை.

திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த தமிழரான காயிதே மில்லத், அரசியல் நிர்ணய சபையில் 1949-ல் மொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் அந்தத் தகுதி தமிழுக்கே உண்டு என்று எடுத்துரைத்தவர். அவர் ஓய்வு கொண்டிருப்பது பாரசீகமும் உருதும் கோலோச்சிய நவாபுகளின் பள்ளிவாசலில். அந்த மண் அவரை வேற்றாளாகக் கருதவில்லை.

அதே நெடுஞ்சாலையில், பள்ளிவாசலுக்கு அருகில்தான் 'தி முசல்மான்' உருது நாளிதழின் அலுவலகம். 1927-ல் தொடங்கியது. சென்னையில் அவ்வாண்டு நடந்த காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் டாக்டர் அன்சாரி தொடங்கி வைத்தார். கணினி வந்து உலகமே தட்டச்சுக்கு மாறிய பின்னரும், காத்திபுகள் மூங்கில் பேனாவால் பக்கம் முழுவதையும் கையால் எழுதி, அதிலிருந்து அச்சிட்டு, மாலையில் வெளியிட்ட பத்திரிகை. எழுதிக்கொண்டிருக்கும்போது முக்கியச் செய்தி வந்துவிட்டால், அதற்கென்று முன்பக்கத்தின் மூலையில் இடம் விட்டு வைத்திருப்பார்களாம். அரபுத் தமிழ் எழுதிய நம் பாட்டிமார்களின் கையெழுத்துச் சுவடிகள் நம் வீட்டுப் பரண்களில் கரையான் அரித்துக் கிடக்கும்போது, இப்படியொரு எழுத்துப் பிடிவாதத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

ரமழானில் சென்றால் பெரிய பள்ளிவாசலில் வேறொன்றையும் காணலாம். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்தவர்களில் ஒருவர் ரத்தன்சந்த். சூஃபி நெறியில் ஈடுபாடு கொண்ட இந்து. அவர் மயிலாப்பூரில் ஏற்படுத்திய சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள், பல பத்தாண்டுகளாக, ரமழான் மாதம் முழுவதும் பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்கு உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அவர்கள் இறைச்சி உண்ணாதவர்கள். ஆகவே மரக்கறிச் சோறுதான். மயிலாப்பூரில் சமைத்து, பிற்பகலில் வண்டியில் ஏற்றி வந்து, தலையில் தொப்பி அணிந்து, வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான நோன்பாளிகளுக்கு எடுத்து வைக்கிறார்கள். பாங்கு ஒலிக்கும்வரை அவர்களும் ஓரமாக நின்றிருப்பார்கள்.

பிரிவினையில் துரத்தப்பட்டு வந்தவர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கசப்பைச் சுமந்து வந்து அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது கரண்டியை. மூன்றாம் தலைமுறை இளைஞர்களும் இப்போது பரிமாற வருகிறார்கள்.

இதே ஊரில் ஆண்டுக்கொரு முறை வேறொரு காட்சியும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாகாது. விநாயகர் சதுர்த்தி முடிந்து சிலைகளைக் கடலில் கரைக்கக் கொண்டுசெல்லும் நாளில், ஐஸ் ஹவுஸ் பள்ளிவாசல் பக்கம் தடுப்புகள் அமைத்துக் காவல்துறையினர் நிற்பார்கள். அந்த வழியேதான் ஊர்வலம் போகவேண்டும் என்று அடம்பிடிப்போரைத் தடுத்து நிறுத்துவதும், கைது செய்து மாலையில் விடுவிப்பதும் ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடந்த காலத்தில் கல்வீச்சும் கலவரமும் நடந்ததுண்டு. கடைகள் அன்று முன்கூட்டியே அடைக்கப்படும். தாய்மார்கள் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்.

நம் கைப்பேசிகளில் சுற்றிவருவது இந்த ஒரு நாளின் காணொளிதான். முப்பது நாள் மாலையிலும் நடக்கும் அந்தப் பரிமாறல், எப்போதேனும் ஒரு செய்தித்தாள் எழுதினால் ஒரு முறை பகிரப்பட்டு மறைகிறது. அச்சம் விரைவாகப் பரவும், நன்றி மெதுவாக நடக்கும் என்பது மனித இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் பகிரும் விரல் நம்முடையது. அந்த ஒரு நாளைப் பற்றிய விழிப்பு தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் வழியாக உரிமையைக் காத்துக்கொள்வது கடமை. அந்த ஒரு நாள்தான் திருவல்லிக்கேணி என்று நம் பிள்ளை நம்பி வளர்வதுதான் ஆபத்து.

பள்ளிவாசலிலிருந்து தெற்கே நடந்து, பாரதி சாலையைக் கடந்தால், ஊருக்கே பெயர் கொடுத்த அல்லிக் கேணியின் பக்கம் வந்துவிடலாம். எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் எழுந்தது பார்த்தசாரதி கோயில். ஆழ்வார்கள் பாடிய தலம். ஆங்கிலேயர் 1676-ல் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து இந்தக் கிராமத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கும், நவாபுகள் இங்கே குடியேறுவதற்கும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கெரிந்த இடம். இங்கே நம் பெற்றோரில் சிலருக்குத் தயக்கம் வரும். கோயில் தெருவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாமா? வழிபாட்டில் பங்கேற்பது வேறு, அதில் நம் மார்க்கத்தின் எல்லை தெளிவானது. தெருவில் நின்று, இது இவ்வளவு காலம் பழையது, இந்த மக்கள் இப்படி வாழ்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்வது அறிவு சார்ந்தது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம், மனிதர்கள் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டதற்கு ஒருவரையொருவர் அறிந்துகொள்வதையே காரணமாகச் சொல்கிறது. வீட்டுக்குள் அடைத்து வைத்து இந்த வசனத்தை மனனம் செய்யவைப்பதில் என்ன பயன்?

கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இறுதியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கோயில் யானை அவரைத் தள்ளியது இங்கேதான். அதனால்தான் இறந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காயத்திலிருந்து தேறி, பின்னர் வயிற்று நோயால் 1921 செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின் இறந்தார் என்பதே வரலாறு. அல்லாஹ்வைப் பற்றிப் பாடியவர், பொட்டல்புதூரில் முஸ்லிம்களிடையே இஸ்லாத்தின் சிறப்பைப் பேசியவர் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம். கணித மேதை இராமானுஜனும் இந்தத் தெருக்களில் குடியிருந்திருக்கிறார். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இங்கே முளைத்ததுதான். நம் வட்டியில்லா வங்கிக் கனவுகளுக்கு முன்னோடியாக ஆராயத்தக்க நிறுவனம், அது தனிக் கட்டுரைக்கான செய்தி.

வட்டி என்றதும் சேப்பாக்கம் அரண்மனையைச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் நவாப் காலத்தைப் பொற்காலமாக வருணிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. 1768-ல் எழுந்த அந்த மாளிகையைக் கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்று கருதப்படுகிறது. அவரே நவாபுக்குக் கடன் கொடுத்த முதலைகளில் முதன்மையானவர். கம்பெனியின் படைச் செலவுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் நவாப் முஹம்மது அலி வட்டிக்கு வாங்கிக்கொண்டே போனார். கடனை அடைக்க மாவட்டங்களின் நிலவரி அடகு வைக்கப்பட்டது. அதைக் கொடுத்தவன் ஆர்க்காட்டிலும் தஞ்சையிலும் ஏர் பிடித்த உழவன். 'ஆர்க்காட்டு நவாபின் கடன்' 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நெடிய உரையாற்றுமளவுக்கு ஊர் சிரித்த விவகாரம். 1801-ல் ஆட்சி போயிற்று. 1855-ல் கடைசிப் பட்டத்து நவாப் வாரிசின்றி இறந்ததும் அரண்மனையும் போயிற்று. இன்று அது அரசு அலுவலகங்கள். 2012-ல் அதன் ஒரு பகுதி தீயில் எரிந்து, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார், பிறகு சீரமைத்தார்கள். சிவந்த குவிமாடங்களை வெளியிலிருந்து பார்த்து அழகு என்று சொல்வதோடு நிறுத்தாமல், இது வட்டி விழுங்கிய வீடு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெரிய பள்ளிவாசலும் அதே காலத்தில் அதே குடும்பம் கட்டியதுதான். அது இன்னும் நம் கையில் இருக்கிறது.

நேரம் இருந்தால் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸையும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்த கிடங்கு, 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரில் இருக்கிறது. கோஷா ஆஸ்பத்திரியின் கதை நம் பெண்களுக்கு நெருக்கமானது. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கி, பிரசவத்தில் உயிர்விட்ட திரைமறைவுப் பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் முயற்சியில் 1885-ல் தொடங்கியது அது. இப்போது கஸ்தூரிபா காந்தி பெயர். மக்கள் வாயில் இன்னும் கோஷாதான். திரையை விலக்கிவிட்டு வா என்று சொல்லாமல், திரைக்குள்ளேயே மருத்துவத்தைக் கொண்டுவந்த அந்த அணுகுமுறையைப் பற்றி நம் பெண்பிள்ளைகளோடு பேசலாம். அவர்களில் எத்தனை பேர் மருத்துவராக விரும்புகிறார்கள் என்றும் கேட்டுவைக்கலாம்.

இனி, இந்த ஊரின் இன்றைய நிலை. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களை மூன்று தலைமுறையாகத் தாங்கிய மேன்ஷன்கள் இங்கேதான் இருக்கின்றன. உங்கள் தகப்பனாரோ சின்னாப்பாவோ ஒரு மேன்ஷன் அறையில் நால்வரோடு படுத்து எழுந்திருக்கக்கூடும். அந்த நால்வரில் ஒருவர் ஐயங்காராகவும் ஒருவர் நாடாராகவும் இருந்திருக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு அண்டை அயலார் என்பது அனுபவம். அடுத்து வந்தவர்களுக்கு அது அருகிவருகிறது. சென்னையின் சில பகுதிகளில் பெயரைக் கேட்டதும், வீடு ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று என்று சொல்லிவிடுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அதனால் திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் நெருக்கியடித்துக் குடியிருக்கிறோம். வசதி வந்ததும் புறநகரில் 'நம்மவர்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்யும் மனைப்பிரிவுகளுக்குப் போகிறோம். முதலாவது அநீதி, அதைத் தட்டிக் கேட்க வேண்டும். இரண்டாவது நாமாகத் தேர்ந்தெடுப்பது. பள்ளிவாசல் அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரின் உரிமையை எத்தனை முறை வலியுறுத்தினார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை, பிற சமயத்து அண்டை வீட்டாரையே அறியாமல் வளரும் பிள்ளைக்கு எந்த உதாரணத்தைக் காட்டி விளக்குவது? ஒரு மாலை நடை இதற்கெல்லாம் தீர்வாகாது. ஆனால் எந்த வகையான ஊரை நாம் விட்டு விலகிக்கொண்டிருக்கிறோம் என்பதையாவது அது காட்டிவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கடலோர ஊர்க்காரர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும்: ஷாஃபியீ முறைப்படி அஸர் தொழுது பழகிய நீங்கள், அங்கே ஹனஃபி முறைப்படி ஜமாஅத் சற்றுத் தாமதமாக நடப்பதைக் காண்பீர்கள். அந்த இடைவெளியும் பிள்ளைகளுக்குப் பாடம்தான். இரண்டும் சரி என்பதைத் தொழுதே காட்டலாம். பெண்கள் தொழுவதற்கும் ஒளூ செய்வதற்கும் உள்ள வசதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம்முடைய பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் குடும்பத்தின் ஒரு பாதி உள்ளே வரலாறு பார்க்க, மறுபாதி வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிறது. இதை மாற்ற ஜமாஅத்துகளுக்குப் பெரிய செலவு ஆகாது, மனம்தான் வேண்டும்.

வழிநெடுக உண்ணவும் குறைவில்லை. நெடுஞ்சாலைப் பக்கத்து உணவகங்களில் உருது வீட்டுப் பக்குவத்தில் பிரியாணியும் தால்ச்சாவும். 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி. ஒரே மாலையில் இரண்டையும் முடிப்பது பிள்ளைகளுக்குச் சிரமமில்லை, பெரியவர்கள் மாத்திரையை எடுத்துச் செல்வது நல்லது. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக்காரர்களிடம் பேரம் பேசப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

திருவல்லிக்கேணி ஜமாஅத்துகளின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்கன் லாலின் ஆண்டுக்கவியையும், மேலே சொன்ன எழுத்துக் கணக்கையும், தமிழிலும் உருதுவிலும் ஒரே தாளில் அச்சிட்டு, வருவோருக்குக் கொடுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புங்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் கூட்டிப் பார்க்கட்டும். ரமழானில் கூட்டிச் செல்லும் பெற்றோர்கள், மயிலாப்பூரிலிருந்து வண்டி வந்து நிற்கும் நேரத்துக்கு முன்பே சென்றுவிடுவது நல்லது. பாத்திரங்களை இறக்கக் கை தேவைப்படும்.